பாதிரி வாக்கும் பெருக்கல் கணக்கும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



நான் மதத்தைப்பற்றியோ, ஜாதியைப்பற்றியோ, புராணத்தைப்பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருப்பீர்கள். ஆனால் இன்று நான் ஓர் எண்ணைப்பற்றி மாத்திரம் பேசப்போகிறேன். எண்ணுக்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அந்தச் சம்பந்தம் என்னவென்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும். விளங்காவிட்டால் என்னை எழுந்து கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கக்கூடாதென்று சொல்லும் மேடை இதுவல்ல.

அந்த எண் இதுதான்: 14,75,73,95,25,89,67,64,12,927. மொத்தம் 21 இலக்கம். இது எப்படி வந்தது என்றால், 2 என்பதை 67 தடவை எழுதி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் வருவது. இதை நான் சுருக்கமாக "அறுபத்தேழாம் எண்" என்று சொல்லிக்கொண்டு போகிறேன். இதேபோல், 2ஐ ஐந்து தடவை பெருக்கினால் 32. ஒன்று கழித்தால் 31. அது ஐந்தாம் எண். ஏழு தடவை பெருக்கினால் 128. ஒன்று கழித்தால் 127. அது ஏழாம் எண். இவ்வளவுதான் சங்கதி. இதில் மந்திரமும் இல்லை, இரகசியமும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 12 மாங்காயை வரிசையாக அடுக்க வேண்டுமானால், இரண்டு வரிசையாக ஆறாறு வைக்கலாம்; மூன்று வரிசையாக நான்கு நான்கு வைக்கலாம். ஆனால் 13 மாங்காயை எப்படி அடுக்கினாலும் சம வரிசை வராது. ஒரே நீள வரிசையாகத்தான் வைக்கவேண்டும். இப்படி வேறு எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் பங்குபோட முடியாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். 2, 3, 5, 7, 11, 13 இவையெல்லாம் பகா எண்கள். 4, 6, 9, 15 முதலியவை பிரியக்கூடிய எண்கள். ஓர் எண் சிறியதாயிருந்தால் அது பிரியுமா பிரியாதா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 21 இலக்கமுள்ள எண்ணாயிருந்தால்? அங்கேதான் பெரியவர்களும் ஏமாந்தார்கள், தோழர்களே!

மேற்சொன்ன வகை எண்களின்மீது மனிதர்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை ஏற்பட்டது என்று கேட்பீர்களானால், அதற்கும் ஒரு கதை உண்டு. 6 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 6ஐ மிச்சமின்றி வகுப்பவை, 6ஐத் தவிர்த்து, 1, 2, 3. இவற்றைக் கூட்டினால் மறுபடியும் 6. அதேபோல் 28ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இப்படிப்பட்டவற்றுக்கு நிறைவு எண்கள் என்று கிரேக்கர் பெயர் வைத்தார்கள். சுமார் 2300 வருஷங்களுக்கு முன் யூக்ளிட் என்ற அறிஞர், நான் சொன்ன "இரண்டின் பெருக்கத்தில் ஒன்று கழித்த" எண் எப்போது பகா எண்ணாக இருக்கிறதோ, அப்போதெல்லாம் அதிலிருந்து ஒரு நிறைவு எண்ணை உண்டாக்கலாம் என்று நிரூபித்துக் காட்டினார். 3லிருந்து 6, 7லிருந்து 28, 31லிருந்து 496, 127லிருந்து 8128. யூக்ளிட் செய்தது அறிவு வேலை. அதற்குப் பின்னால் வந்தவர்களோ அதைப் பக்தி வேலையாக்கிவிட்டார்கள். கிறிஸ்துவ சமய ஆசாரியரான அகஸ்டின் என்பவர், கடவுள் உலகத்தை ஆறு நாளில் படைத்ததற்குக் காரணம் ஆறு என்பது நிறைவு எண்ணாயிருப்பதுதான் என்று எழுதிவைத்தார். எண்ணைக் கடவுள் செய்தாரா, கடவுள் எண்ணுக்குக் கட்டுப்பட்டாரா என்று எவரும் கேட்கவில்லை. சர்வ வல்லமையுள்ள ஒருவர் வாய்பாட்டைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார் என்றால், வாய்பாடல்லவா பெரியது?

இது மாத்திரமல்ல. ஏறக்குறைய கி.பி. 100ல் இருந்த நிக்கோமாக்கஸ் என்பவர், ஓரிலக்கத்தில் ஒன்று, ஈரிலக்கத்தில் ஒன்று, மூவிலக்கத்தில் ஒன்று, நாலிலக்கத்தில் ஒன்று என்று நிறைவு எண்கள் ஒழுங்காக வருகின்றன என்றும், அவை 6 என்றும் 8 என்றும் மாறிமாறி முடிகின்றன என்றும் எழுதினார். 6, 28, 496, 8128 என்ற நான்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பல நூறு வருஷம் ஜனங்கள் இதை நம்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிறைவு எண்ணைக் கண்டுபிடித்துப் பார்த்தால் அது 3,35,50,336. ஐந்து இலக்கம் அல்ல, எட்டு இலக்கம்! அதற்கடுத்தது 8,58,98,69,056. முந்தினதும் 6ல் முடிகிறது, இதுவும் 6ல் முடிகிறது. நாலு உதாரணத்தைப் பார்த்துவிட்டு நாலு யுகத்துக்கும் சட்டம் எழுதினால் இப்படித்தான் முடியும். நம் ஊரிலே பூனை குறுக்கே போன நாலு தடவையை மாத்திரம் கணக்கு வைத்துக்கொண்டு, போகாத நாலாயிரம் தடவையை மறந்துவிடுகிறவனும் இந்த ஜாதிதான்.

இனிமேல் நம் எண்ணுக்கு வருகிறேன். 2, 3, 5, 7 ஆகியவற்றைக் கொண்டு செய்த எண்கள் 3, 7, 31, 127. நான்கும் பகா எண்கள். ஆகவே எந்தப் பகா எண்ணைக் கொண்டு செய்தாலும் பகா எண்ணே வரும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். அடுத்த பகா எண் 11. பதினோராம் எண் 2047. அதைப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்! 1536ம் வருஷத்தில் ரெகியுஸ் என்பவர் 2047 = 23 × 89 என்று புத்தகத்தில் எழுதிக் காட்டினார். ஒரே ஒரு பெருக்கல். பழைய நம்பிக்கை முழுதும் போயிற்று.

அதன்பின் வந்தவர்தான் மெர்சேன். 1588ல் பிறந்து 1648ல் இறந்தவர். பாரிஸ் நகரத்தில் ஒரு மடத்தைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி. பாதிரி என்றதும் நான் திட்டப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். இவர் யோக்கியமான மனிதர். கலிலியோவின் நூலொன்றை 1634ல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவர். அக்காலத்து அறிஞர்களெல்லாம் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் இவர் மூலமாகத்தான் போய் வந்துகொண்டிருந்தன. அப்படிப்பட்டவர் 1644ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில், 257 வரைக்கும் பார்த்தால் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மாத்திரமே இவ்வகை எண் பகா எண்ணாகும், மற்றவற்றுக்கு ஆகாது என்று எழுதினார். நிரூபணம்? ஒன்றுமில்லை. 15, 20 இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்ணா அல்லவா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்றும் அவரே எழுதினார். அப்படியானால் 21 இலக்கமுள்ள அறுபத்தேழாம் எண்ணை அவர் சோதித்திருக்க முடியுமா? 78 இலக்கமுள்ள 257ம் எண்ணைச் சோதித்திருக்க முடியுமா? முடியாதென்பது அவர் வாக்கினாலேயே வெளியாகிறது. ஆயினும் சொன்னவர் பெரியவர் என்பதால் அந்தப் பட்டியல் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் இவ்வகைப் பகா எண்களுக்கு அவர் பெயரையே சொல்லுகிறார்கள்.

ஆனால் கணிதக்காரர்களுக்கும் மதக்காரர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். மதக்காரன் கையில் இந்தப் பட்டியல் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான்? பதினொன்றும் பதினொரு அவதாரம் என்பான். 67க்கு ஒரு கோயில் கட்டுவான். சந்தேகப்படுகிறவனை நாஸ்திகன் என்பான். கணிதக்காரர்களோ, ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்து சோதிக்க ஆரம்பித்தார்கள்.

1772ல் ஆய்லர் என்ற மேதை 31ம் எண்ணை எடுத்து, அதாவது 2,14,74,83,647 என்ற எண்ணை எடுத்து, அது பகா எண்தான் என்று நிரூபித்தார். அதைக்கொண்டு உண்டாகும் நிறைவு எண்ணைவிடப் பெரியதை இனி எவரும் கண்டுபிடிக்கமாட்டார் என்று பார்லோ என்ற ஆங்கிலேயர் 1811ல் எழுதிவைத்தார். இதுவும் ஒருவகைத் தீர்க்கதரிசனம்தான். மற்றத் தீர்க்கதரிசனங்களைப் போலவே பொய்யாயிற்று.

1876ல் பிரான்சு தேசத்து லூகாஸ் என்பவர், ஓர் எண்ணைப் பிரித்துப் பார்க்காமலே அது பிரியுமா பிரியாதா என்று தெரிந்துகொள்ளும் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் லேமர் என்ற அமெரிக்கர் அதைச் சுருக்கி எளிதாக்கினார். அந்த வழி நம் வாசகசாலைப் பிள்ளைகளுக்கும் புரியக்கூடியதே. 4ல் ஆரம்பியுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, 2ஐக் கழியுங்கள். சோதிக்கவேண்டிய எண்ணால் வகுத்து, மீதியை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடியும் அப்படியே செய்யுங்கள். எத்தனையாம் எண்ணோ அதில் இரண்டு குறைவாக இத்தனை தடவை செய்யவேண்டும். கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். இல்லாவிட்டால் பிரியும் எண்.

ஐந்தாம் எண்ணாகிய 31ஐப் பாருங்கள். ஐந்தில் இரண்டு போக மூன்று தடவை. 4 × 4 = 16; இரண்டு போக 14. 14 × 14 = 196; இரண்டு போக 194; 31ஆல் வகுத்தால் மீதி 8. 8 × 8 = 64; இரண்டு போக 62; 31ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். ஆகவே 31 பகா எண். பதினோராம் எண்ணாகிய 2047க்கு ஒன்பது தடவை செய்தால் மீதிகள் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று வரும். கடைசியில் 1736, பூஜ்யமில்லை. ஆகவே பிரியும். 23ஐயும் 89ஐயும் தெரிந்துகொள்ளாமலே பிரியும் என்று சொல்லிவிட்டோமல்லவா? வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்பது நிச்சயம். அவன் பெயர் மாத்திரம் தெரியாது. அந்த மாதிரி.

இந்த வகைச் சோதனையைக்கொண்டு லூகாஸ் இரண்டு காரியம் செய்தார். 39 இலக்கமுள்ள 127ம் எண் பகா எண்தான் என்று காட்டினார். பட்டியலின் அந்தப் பகுதி சரியாயிற்று. அறுபத்தேழாம் எண் பகா எண் அல்ல என்றும் காட்டினார்; பட்டியல் பொய்யாயிற்று. பாதிரியார் எழுதி 232 வருஷம் கழித்து!

ஆனால் "பிரியும் என்கிறாயே, பிரித்துக் காட்டு" என்று கேட்டால்? அதற்கு இன்னும் 27 வருஷம் பிடித்தது.

இவ்வேலை எவ்வளவு கஷ்டம் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். அறுபத்தேழாம் எண்ணைப் பிரிக்கும் எந்தப் பகா எண்ணும் 134ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கவேண்டும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. 134 என்பது 67ன் இரட்டை. பதினோராம் எண்ணிலும் அப்படியே: 22 × 1 + 1 = 23; 22 × 4 + 1 = 89. ஆகவே எல்லா எண்ணையும் சோதிக்கவேண்டியதில்லை. 135, 269, 403 என்று 134, 134 ஆகத் தாண்டிக்கொண்டு போனால் போதும். அப்படித் தாண்டிப் போனாலும், விடை கிடைப்பது 14,45,580-வது தாண்டலில்தான்! இன்னும் சில விதிகளைக்கொண்டு அவற்றிலும் பாதிக்குமேல் ஒதுக்கிவிடலாம் என்றாலும், மிச்சம் லட்சக்கணக்கில் நிற்கும். ஒவ்வொன்றாலும் 21 இலக்க எண்ணைக் கையால் வகுக்கவேண்டுமென்றால் ஒரு மனிதன் ஆயுள் என்னாவது?

இதைவிட நுட்பமான வழியில் அமெரிக்காவில் கோல் என்ற பேராசிரியர் செய்து முடித்தார். 1903ம் வருஷம் அக்டோபர் 31ந் தேதி நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. அங்கே நடந்ததைப் பெல் என்ற கணித ஆசிரியர் 1951ல் வெளியான ஒரு நூலில் எழுதியிருக்கிறார். கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனாராம். ஒரு வார்த்தையும் பேசாமல், 2ஐ 67 தடவை பெருக்கிய தொகையைக் கணக்குப் போட்டு, ஒன்றைக் கழித்தாராம். பிறகு பலகையின் வெற்றிடத்தில்,

19,37,07,721 × 7,61,83,82,57,287

என்று எழுதி, நாம் பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற மாதிரியே வரி வரியாகப் பெருக்கிக் கூட்டினாராம். இரண்டு விடையும் ஒன்றாக நின்றன. கோல் வாய் திறக்காமலே தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாராம். சபையோர் கைதட்டினார்கள், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு காலம் பிடித்தது என்று பெல் பின்னால் கேட்டபோது, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் சொன்னாராம்.

தோழர்களே! நான் எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டிருக்கிறேன். வாய் வலிக்கப் பேசியுமிருக்கிறேன். ஆனால் வாய் திறக்காத இந்தச் சொற்பொழிவுக்கு ஈடானதொன்றை நான் அறியேன். அவர் வேதத்தைக் காட்டவில்லை. ஆச்சாரியார் சொன்னார் என்று சொல்லவில்லை. எனக்குக் கனவில் வந்தது என்று சொல்லவில்லை. நம்பினால் மோட்சம், நம்பாவிட்டால் நரகம் என்று பயமுறுத்தவில்லை. "இதோ கணக்கு, சரியா என்று பார்த்துக்கொள்" என்றார், அதையும் வாயால் சொல்லாமல் சாக்குக்கட்டியால் சொன்னார். உலகத்தார் ஓய்ந்திருந்து தொழவேண்டும் என்று மதம் ஒதுக்கிய ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்த வேலை, ஒரு பாதிரியாரின் எழுத்திலிருந்த பிழையைத் திருத்தியது.

பட்டியலில் இருந்த மற்றப் பிழைகளும் இப்படியே வெளிவந்தன. மெர்சேன் விட்டுவிட்ட 61ம் எண் பகா எண் என்று 1883ல் கண்டவர் பெர்வூஷின் என்ற ருஷ்யர். அவரும் ஒரு பாதிரியார்தான்! ஆகவே உடுப்பைப் பார்த்து நாம் ஒருவனைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம், கணக்கைப் பார்ப்போம். 89ம் எண்ணை 1911லும், 107ம் எண்ணை 1914லும் பவர்ஸ் என்ற அமெரிக்கர் கண்டார். அவர் கணிதப் பேராசிரியர் அல்ல. 257ம் எண் பகா எண் அல்ல என்று 1932க்குள் லேமர் காட்டினார். 1947க்குள் 257 வரை எல்லாம் சோதித்து முடிந்தது. கணக்கு என்ன ஆயிற்று? பாதிரியார் பட்டியலில் சேர்க்கக்கூடாதது இரண்டு, விட்டுப்போனது மூன்று, ஆக ஐந்து பிழை. சரியான பட்டியலில் இருப்பது பன்னிரண்டு.

"பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானமும் தப்புச் செய்கிறதே! 259 வருஷம் தப்பாக இருந்ததே! பின் எங்கள் சாஸ்திரத்தை மட்டும் ஏன் குறை சொல்லுகிறீர்?" என்று ஒரு பண்டிதர் கேட்கலாம். நல்ல கேள்விதான். தப்பு எல்லோரும் செய்வார்கள். ஆனால் தப்பைக் கண்டுபிடித்தவனை என்ன செய்தீர்கள் என்பதே கேள்வி. கணிதத்தில் தப்பைக் காட்டினவனுக்குக் கைதட்டல். உங்கள் சாஸ்திரத்தில் தப்பைக் காட்டினவனுக்குக் கல்லடி, ஜாதிக்கட்டு, நாஸ்திகப் பட்டம். கணிதத்தில் தப்பு வெளியானவுடன் அது புத்தகத்தைவிட்டுப் போய்விடுகிறது. சாஸ்திரத்தில் தப்பு வெளியானால் "உள்ளர்த்தம் வேறு" என்று ஒரு வியாக்கியானம் புதிதாக வருகிறது. இதுதானே வித்தியாசம்?

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 11 என்பது பகா எண். அதை இரட்டித்து ஒன்று கூட்டினால் 23, அதுவும் பகா எண். இந்த 23தான் பதினோராம் எண்ணைப் பிரித்தது. 23ஐ இரட்டித்து ஒன்று கூட்டினால் 47. அது இருபத்துமூன்றாம் எண்ணைப் பிரிக்கிறது. 11, 23 போன்ற இந்தப் பகா எண்களுக்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் சோபி ஜெர்மேன். 1776 முதல் 1831 வரை பிரான்சில் வாழ்ந்தவர். பெண் என்பதால் கல்லூரியில் சேர்க்கமாட்டார்கள். ஆகவே லெப்ளான் என்ற ஆண்பிள்ளைப் பெயரில் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காலத்துக் கணிதத் தலைவரான காஸ் என்பவருக்கு, எழுதுகிறவர் ஒரு பெண் என்று தெரியவந்தபோது அவர் வியந்து பாராட்டி 1807ல் பதில் எழுதினார். எண்ணுக்கு ஆண் பெண் தெரியாது, மனிதனுக்குத்தான் தெரிகிறது. பெண்களுக்குப் புத்தி இல்லை என்று எழுதிவைத்தவர்களில் எத்தனை பேருக்கு இருபதிலக்க எண்ணைப் பிரிக்கத் தெரியும் என்று கேளுங்கள்.

நம் நாட்டு ராமானுஜத்தையும் சிலர் இங்கே இழுப்பார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னார் என்று அவரே நம்பினார், உண்மைதான். அவர் மகா மேதை என்பதும் உண்மைதான். ஆனால் 1913ல் அவர் ஹார்டிக்கு எழுதியனுப்பியவற்றில் பகா எண்களைப்பற்றிய சில முடிவுகள் தவறாயிருந்தன. ஹார்டி சோதித்துத்தான் அதைக் கண்டார். கனவில் வந்தவற்றில் எது சரி, எது தவறு என்று பிரித்துச் சொன்னது கனவு அல்ல, நிரூபணம். சரியாய் வந்ததற்குத் தெய்வம் காரணமென்றால், தவறாய் வந்ததற்கு யார் காரணம்? ராமானுஜத்தின் மூளைக்குச் சேரவேண்டிய பெருமையைத் திருடித் தெய்வத்துக்குக் கொடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதையல்ல.

கடைசியாக, எண் ஜோசியம் என்ற பித்தலாட்டத்தைப்பற்றி ஒன்று சொல்லுகிறேன். இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கும் தந்திரம் உங்களுக்குத் தெரியும். நம் அறுபத்தேழாம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109. அதைக் கூட்டினால் 10. அதைக் கூட்டினால் 1. கோல் எழுதிய முதல் எண்ணைக் கூட்டினால் 37, பிறகு 10, பிறகு 1. இரண்டாவதைக் கூட்டினால் 64, பிறகு 10, பிறகு 1. "ஆகா! மூன்றும் ஒன்று, ஒன்று என்பது சூரியன், மூன்று சூரியன்!" என்று ஜோசியன் தட்சணைக்குக் கை நீட்டுவான். உண்மை என்ன? இலக்கங்களைக் கூட்டி வரும் ஒற்றை எண், அந்த எண்ணை 9ஆல் வகுத்தால் வரும் மீதிதான். 9 என்று வந்தால் மீதி இல்லை என்று பொருள். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று, ஆகவே விடையிலும் ஒன்று வரவேண்டும், வந்திருக்கிறது. கணக்குப்பிள்ளைகள் பெருக்கலைச் சரிபார்க்க இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். ஒத்துவராவிட்டால் பெருக்கல் நிச்சயம் தவறு. ஒத்துவந்தால் சரி என்று முடிவு செய்துவிடவும் கூடாது, தற்செயலாகவும் ஒத்துவரலாம். இப்படித் தன் எல்லையையும் சேர்த்துச் சொல்லும் யோக்கியமான சோதனையைத் திருடித்தான், "பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள், வியாபாரம் பெருகும்" என்று ஒருவன் சொல்லுகிறான். அன்றியும், இந்த இலக்கங்கள் நமக்குப் பத்து விரல் இருப்பதனால், பத்துப் பத்தாக எண்ணுவதனால் வந்தவை. இரண்டிரண்டாக எண்ணி எழுதினால் இதே எண் 67 ஒன்றுகள் வரிசையாக நிற்கும் எண்ணாகிவிடும். கணக்கு யந்திரங்கள் அப்படித்தான் எழுதுகின்றன. அப்போது சூரியன் எங்கே போனான்?

இதனால் சோற்றுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். பெரிய எண்களைப் பெருக்குவது எளிது, பிரிப்பது கஷ்டம் என்ற இதே உண்மையைக்கொண்டுதான், இன்று கணினிகளுக்கிடையே போகும் இரகசியச் செய்திகளையும் பணக் கணக்குகளையும் காப்பாற்றும் முறையொன்றை 1977ல் ஏற்படுத்தினார்கள். ஆனால் அது பிற்பாடு வந்த லாபம். முதல் லாபம் சோதித்துப் பார்க்கும் பழக்கம். 2024ம் வருஷம் அக்டோபரில், லூக் டியூரண்ட் என்ற அமெரிக்கர் இவ்வகையில் 52-வதாக ஒரு பகா எண்ணைக் கண்டது வெளியாயிற்று. 2ஐ 13,62,79,841 தடவை பெருக்கி ஒன்று கழித்த எண். 4,10,24,320 இலக்கம் கொண்டது. அதையும் அவர் யந்திரம் சொன்னது என்று எவரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வேறு யந்திரங்களில், வேறு விதமாய் எழுதிய கணக்குகளால் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட எண்களுக்கு முடிவு உண்டா இல்லையா என்று இதுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை. கணிதக்காரர்கள் "இன்னும் தெரியவில்லை" என்று வெட்கமில்லாமல் சொல்லுகிறார்கள். பதினாலு லோகத்துக்கும் அளவு சொல்லுகிற புராணிகன் வாயில் "தெரியாது" என்ற ஒரு வார்த்தையை நீங்கள் கேட்டதுண்டா?

ஆகையால் தோழர்களே! நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கோல் சொன்னார் என்று நான் சொல்லி, நான் சொன்னேன் என்று நீங்கள் நம்பினால், நீங்களும் மெர்சேன் பட்டியலை நம்பியவர்களும் ஒன்றே. கோல் எழுதிய எண்களில் ஒன்று 9 இலக்கம்; மற்றொன்று 12 இலக்கம். 9 × 12 = 108. நூற்றெட்டுச் சின்னப் பெருக்கல். நடுவில் ஒரு சைபர் இருப்பதால் அதிலும் பன்னிரண்டு மிச்சம். நூற்றெட்டுத் தடவை ஏதோ ஒரு நாமத்தைச் சொல்லுகிற நேரத்தை ஒருநாள் இதற்குக் கொடுத்து, ஒரு காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள். ஆண்களும் பாருங்கள், பெண்களும் பாருங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். விடை சரியாக வந்தால், அது எவர் தயவாலும் வந்ததல்ல. உங்கள் கையால் வந்தது. அப்படி ஒரு விஷயத்தைத் தன் கையால் சரிபார்த்து அறிந்தவனை, நம்பு என்று சொல்லி அடிமைப்படுத்த எவனாலும் முடியாது. எண்ணுக்கும் சுயமரியாதைக்கும் உள்ள சம்பந்தம் அதுதான் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.